கைச்சம்மதம்

காலைக் காபி ஆறிக்கொண்டிருந்தது. சுவர்த்திரையில் இரண்டு ஊர்கள் மின்னின: கோவை, மணல்துறை. டாக்டர் நறுமுகை தன் இதய அறுவைப் பயிற்சிக்குப் பகல் பன்னிரண்டுக்குள் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோவைக்குப் பக்கத்தில் ஆறு என்ற எண். மணல்துறைக்கு நூற்று நாற்பது.

"கோவையைத் தொடு. கடலோரத்துல போய் கருவாடு காயப்போடப் போறியா?" என்றான் கணவன் இனியன்.

"நூத்தி நாப்பது பேருடா," என்றாள் நறுமுகை.

இதயத்தை இப்போதெல்லாம் அறுவைப்பொறிதான் திறக்கிறது. பத்தாயிரத்தில் ஒருவர்கூட இறப்பதில்லை. கற்றுக்கொள்ளும் மனிதக் கையில் நூற்றுக்கு நால்வர் போய்விடுவார்கள். அது தெரிந்தே, 'என்மேல் பழகிக்கொள்ளுங்கள்' என்று எழுதிக்கொடுப்பது கைச்சம்மதம். அப்படிக் கொடுத்தவர்களின் எண்ணிக்கைதான் திரையில் இருந்தது. ஊரை உறுதி செய்யுமுன் பட்டியலின் முதல் ஆளிடம் பேசியாக வேண்டும். சட்டம்.

மணல்துறைப் பட்டியலின் முதல் ஆளை ஸ்பீக்கரில் அழைத்தாள்.

"ரோஷன் பர்னாந்து பேசுதேன். டாக்டரா? சாப்ட்டியளா?"

"ஆச்சு ஐயா. உங்களுக்கு வால்வு பழுது. பொறியில செஞ்சா ஆபத்தே இல்லையே. ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"மூணு வருசம் முன்ன புயல்ல ஒம்பது நாள் கரண்டு இல்லம்மா. மிசின் எல்லாம் நின்னு போச்சு. எம் பொண்டாட்டி ஜெனிஷாவுக்கு நெஞ்சுல அடி. இதயத்தச் சுத்தி ரத்தம் கட்டிக்கிட்டு. ரோடு முழுக்க மரம். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேருததுக்குள்ள முடிஞ்சிருச்சு. பக்கத்துக் கட்டில்காரவ சொன்னாவ, ஒரு சின்ன டாக்டரம்மா கத்திய வச்சிக்கிட்டு அப்படியே நின்னுச்சாம். அறுக்கத் தெரியலையாம்."

இனியன் கோப்பையைக் கீழே வைத்தான். இந்த மூன்று வருடமாக அவன் அந்த ஊரின் பெயரை வீட்டில் எடுத்ததில்லை.

"அது நான்தான் ஐயா," என்றாள் நறுமுகை.

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

"தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். அப்புறம், நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்ன?"

"வந்துக்கிட்டே இருக்கார்னு சொன்னேன்."

"வந்துக்கிட்டுதாம்மா இருந்தேன்." அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஐயா, இப்பவும் உங்க பேரை எடுத்துடலாம். என் கை நடுங்கும்."

"நடுங்கட்டும். நின்னு போவாம இருந்தாச் சரி."

அழைப்பு முடிந்தது. நறுமுகை மணல்துறையைத் தொட்டாள். முதல் நோயாளியின் படிவம் விரிந்தது. பெயர், வயது, ரத்த வகை. கடைசி வரி: 'அறுவையின்போது வெளியே காத்திருப்பவர்: யாருமில்லை.'

இனியன் அதை இரண்டு முறை வாசித்தான்.

"அதுல என் பேரைப் போடு," என்றான்.