ஐந்தாவது பலகை

“அசையாம நிக்கிறதுதான் இந்தப் படத்துல ஒழுங்கா விழும், தெரியுமா?” என்றார் என் கணவர்.

“அப்ப நீங்க விழவே மாட்டீங்க. கல்யாண போட்டோவுலயே தலையை ஆட்டிக் கெடுத்தவராச்சே.”

“நானா ஆட்டலடி. நீ காலை மிதிச்சே.”

சென்ற ஆண்டு, இதே கரையில், ட்ரோனின் பேட்டரியில் சார்ஜ் ஏறும்வரை இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுடையது மலிவான ட்ரோன். சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அலையாத்திக் காட்டின் மேல் நூல் பிடித்தாற்போலப் போய்வந்து எண்ணூறு படம் எடுக்கும். ஒட்டிச் சேர்த்தால் காட்டின் வரைபடம். படங்கள் சரியாகப் பொருந்த, முதலில் சேற்றில் ஐந்து இடங்களில் கறுப்பு வெள்ளைப் பலகை வைக்க வேண்டும். வைப்பவர் அவர். கரையில் பழைய வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு வாக்கி-டாக்கியில் வழி சொல்பவள் நான். சேற்றுக் கையோடு அவர் அதிகம் பேசமாட்டார். முழங்கையால் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார்.

டிக். டிக்.

கேட்டாச்சு என்று அர்த்தம்.

ஐந்தாவது பலகைக்கு மட்டும் பேசினார். முன்வரிசை மரங்கள் அவரை மறைத்திருந்தன.

“கால் புதையுது. திரும்பிடட்டுமா?”

வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருந்தது. மரம் இருந்தால் வேர் இருக்கும். வேர் இருந்தால் சேறு இறுகியிருக்கும். அந்த மரங்கள் எப்போதோ பட்டுப்போய் விழுந்துவிட்டதைப் பழைய படம் எப்படிச் சொல்லும்?

“இன்னும் பத்தடி போங்க, பயந்தாங்கொள்ளி” என்று சிரித்தேன்.

டிக். டிக்.

அவ்வளவுதான். மூன்று நாள் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை.

இன்று காலை மீண்டும் பறக்கவிட்டோம். உடன் வந்தவன் என் கொழுந்தன். ஐந்தாவது இடத்தின் பக்கம் இருவருமே போகவில்லை.

“நாலு பலகை போதும், அண்ணி” என்றான்.

மதியம், கரையோர அலுவலக அறை. ஜன்னல்கள் சாத்தியிருந்தும் சேற்று வாடை அடித்தது. கணினி படங்களை ஒட்டி முடித்தது. பச்சையாக இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறம். பலகைகளை எண்ணினேன்.

ஐந்து.

கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

ஐந்தாவது பலகை, காட்டுக்கு அப்பால் ஓடும் கால்வாயின் நடுவே, ஆழத் தண்ணீரின் மேல் இருந்தது. பக்கத்தில் ஓர் ஆள்.

அந்த இடத்தின் படங்களை வரிசையாகத் திறந்தேன். முதல் படத்தில் அவர் புதைந்த இடத்தில் நின்றார். அடுத்ததில் பத்தடி தள்ளி. அதற்கடுத்ததில் இன்னும் பத்தடி. கையில் பலகை. மரங்களுக்கெல்லாம் நிழல் இருந்தது. அவருக்கு இல்லை.

நான் கடைசியாகச் சொன்னதைத்தான் இன்னும் செய்துகொண்டிருந்தார். நிற்கச் சொல்ல ஆளில்லை.

கடைசிப் படங்களில் மட்டும் அசையாமல் நின்றார். தலையை நிமிர்த்தி, எதற்கோ காத்திருப்பதுபோல.

பெரிதாக்கினேன்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு.

“அழிச்சிடுங்க அண்ணி. நாலு பலகையோட அனுப்பிடலாம்.”

நான் மேஜை டிராயரைத் திறந்தேன். என் வாக்கி-டாக்கி அங்கே கிடந்தது. ஓர் ஆண்டாக அதில் பேட்டரி கிடையாது.

“கூப்பிடாதீங்க.” அவன் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. “வந்தாலும் அது அண்ணனா இருக்காது.”

அது எனக்கும் தெரிந்தது. அவருடைய எதுவும் இனி எனக்குத் திரும்பக் கிடைக்காது. ஆனால் அன்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை, சமையலறையிலும் படுக்கையிலும் ஓர் ஆண்டாக என்னோடேயே இருந்தது.

பொத்தானை அழுத்தினேன்.

“போதும்ங்க. திரும்பி வந்துடுங்க.”

டிக். டிக்.