மஞ்சள் பீப்பாய்

அந்தச் சனிக்கிழமை காலை வண்டிக் கொட்டகையில் நான்கு பேர் இருந்தார்கள். அம்மா சில்வி லாரியின் படியில் உட்கார்ந்திருந்தாள். வெய்க்கோ மாமா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். அவர் மகன் எர்க்கி டிராக்டரின் பெரிய டயருக்கு மேல், குரங்கு மாதிரி. பத்து வயது ஹெல்கா, டயரில் கட்டும் இரும்புச் சங்கிலிக் குவியலின் மேல். சங்கிலி சில்லென்று குத்தியது. ஆனாலும் மாமாவிடமிருந்து தூரமாக இருந்த இடம் அதுதான்.

மாமாவுக்குக் கோபம் வந்தால் கொட்டகைத் தகரமே அதிரும்.

வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாப்லாந்தில் பனி விழுந்துவிட்டால், கீழ்ச்சாலையை அம்மா லாரியில் தள்ளிச் சுத்தம் செய்வாள். மேல்சாலையை மாமா டிராக்டரில் தள்ளுவார். அதற்குத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

"பனி தள்ளுற தகடு மாட்டியாச்சு" என்று மாமா விரல்விட்டு எண்ணினார். "விளக்க மேல தூக்கி வச்சாச்சு, இல்லன்னா தகடு மறைச்சிடும். பின்னாடி மணல் மூட்டை ஏத்தியாச்சு. இனிமே டீசல்தான். ஹெல்கா! நீலப் பீப்பாயிலருந்து அடிச்சு டிராக்டருக்கு ஊத்து. டேங்க் காலி. நிறைச்சிடணும்."

நீலப் பீப்பாய் கொட்டகையின் கடைசி மூலையில், இருட்டில் இருந்தது.

எர்க்கி குனிந்து கிசுகிசுத்தான். "அங்க மரநாய் இருக்குடி. போன வாரம் என் கையுறையத் தின்னுடுச்சு. உள்ள விரல் இல்ல, தப்பிச்சேன்."

"போடா, பொய்" என்றாள் ஹெல்கா. ஆனால் மூலையில் ஏதோ சரசரத்தது.

அம்மாவும் மாமாவும் லாரிக்கு அடியில் படுத்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார்கள். கதவருகே, நல்ல வெளிச்சத்தில், மஞ்சள் பீப்பாய் நின்றது. இதுவும் டீசல், அதுவும் டீசல் என்று நினைத்தாள் ஹெல்கா. கைப்பம்பை அதில் சொருகி, டேங்க் நிறையும்வரை அடித்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"கெட்டிக்காரி!"

மாமாவும் எர்க்கியும் டிராக்டரில் ஏறி, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கள் ஊரான ஹன்ஹிவாராவுக்குப் போய்விட்டார்கள்.

மதியம் அம்மா மஞ்சள் பீப்பாயின் மூடியை இறுக்கினாள். "இது கோடை டீசல், மிஞ்சினது. வசந்தம் வர்ற வரைக்கும் இதைத் தொடக் கூடாது."

"ஏம்மா?"

"குளிர்ல மெழுகாட்டம் உறைஞ்சிடும். நடுக்காட்டுல இன்ஜின் நின்னுபோச்சுன்னா, அங்க யாரு இருக்கா, கரடியா வந்து தள்ளும்?"

ஹெல்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா லாரியில் ஏறிவிட்டாள். "பிரேக்கைச் சோதிக்க டவுனுக்குப் போறேன். ராத்திரிதான் வருவேன். அடுப்பைப் பார்த்துக்கோ!"

வீட்டில் வானொலி பேசிக்கொண்டிருந்தது. இன்றிரவு கடும்பனி. குளிர் மைனஸ் முப்பது வரை இறங்கும்.

ஹெல்காவின் வயிற்றில் பாறாங்கல் ஒன்று உட்கார்ந்தது. பனி கொட்டினால் மாமா விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். மேல்சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. இருட்டு, காற்று, பனி. நடுவில் டிராக்டர் நின்றால்?

"ஒருவேளை உறையாதோ என்னவோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரி, பார்த்துவிடலாம். ஊறுகாய் இருந்த கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்து, மஞ்சள் பீப்பாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி, வாசற்படியில் வைத்தாள். அப்போது அது தேன் மாதிரித் தெளிவாக இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வந்தாள். இருட்டிவிட்டது; குளிர்காலத்தில் அங்கே பகல் அவ்வளவுதான். மூச்சு இழுத்தால் மூக்குக்குள் முடியெல்லாம் விறைத்தது. ஜாடியைத் தூக்கி விளக்கின் முன் பிடித்தாள். மோர் மாதிரி வெளுத்திருந்தது. பின்னால் வைத்த விரல் தெரியவில்லை.

ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. நேற்றைய உறைமழையில் பனிக்கட்டி படிந்து எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு ஹன்ஹிவாரா பேருந்து வரும். அது மாமா வீட்டு வாசல் வழியாகத்தான் போகும்.

காகிதம் எடுத்தாள். "அன்புள்ள மாமா, யாரோ தெரியாமல் டிராக்டரில் கோடை டீசலை ஊற்றிவிட்டார்கள்" என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். 'யாரோ'வா? எர்க்கியின் குறும்பு என்று நினைத்து மாமா கசக்கிப் போட்டுவிட்டால்?

அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். மறுபடி எழுதினாள்.

"அன்புள்ள மாமா,

ஒன்று: டிராக்டரில் இருப்பது மஞ்சள் பீப்பாய் டீசல்.

இரண்டு: மூலை இருட்டாக இருந்தது. எனக்குப் பயம். அதனால் அதை ஊற்றினேன்.

மூன்று: ஜாடியில் ஊற்றி வெளியே வைத்தேன். வெளுத்துவிட்டது. ஜாடியையும் அனுப்புகிறேன்.

நான்கு: எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, உங்களிடம் இருக்கும் குளிர்கால டீசலை ஊற்றுங்கள். அதுவரை கிளம்பாதீர்கள்."

கீழே பெயர் போட வேண்டும். பேனா நின்றுவிட்டது. தகரம் அதிர்வது காதில் கேட்டது. எர்க்கி குளிர்காலம் முழுக்கச் சிரிப்பான். தூரத்தில் பேருந்தின் விளக்குத் தெரிந்ததும் அப்படியே உறையில் போட்டு, ஒட்டாமல் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஓட்டுநர் கலேவி கதவைத் திறந்தார். "என்ன பாப்பா, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதமா? இன்னும் ஒரு மாசம் இருக்கே!"

"எங்க வெய்க்கோ மாமாவுக்கு. இந்த ஜாடியும். தபால் பெட்டியில போட்டுடாதீங்க, கையிலயே குடுக்கணும்."

கலேவி ஜாடியை விளக்கில் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது எந்த டேங்க்ல இருக்கு?"

"மாமா டிராக்டர்ல. விடிகாலை மூணு மணிக்குக் கிளம்பிடுவார்."

"யாரு ஊத்தினது?"

பேருந்துக்குள் ஆறேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹெல்காவின் காது கொதித்தது.

"நான்தான்" என்றாள். "கொஞ்சம் பேனா குடுங்க."

பேருந்தின் படியில் காகிதத்தை வைத்து 'ஹெல்கா' என்று எழுதினாள். இன்ஜின் அதிர்ந்ததில் கடைசி எழுத்து கோணிக்கொண்டது. உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

கலேவி அதைத் தன் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டார். "வாசல்ல நின்னு ஹாரன் அடிப்பேன். உன் மாமா வெளிய வந்து இதைப் படிக்கிற வரைக்கும் பேருந்து நகராது. போதுமா?"

"போதும்."

"அவர் கத்தினா?"

ஹெல்கா யோசித்தாள். "கத்தட்டும். வீட்டுக்குள்ள நின்னு கத்தட்டும்."

கலேவி கதவைச் சாத்தினார். பேருந்து மேட்டில் ஏறி வளைவில் மறைந்தது. உறையின் பசை நாக்கில் கசந்தது. வயிற்றிலிருந்த பாறாங்கல்லும் அந்தப் பேருந்திலேயே ஏறிப் போயிருக்க வேண்டும். ஹெல்காவுக்கு அப்போதுதான் பசித்தது.