ஆறாவது பெயர்

சோமசேகரம் வேலாயுதரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு தாண்டியிருந்தது. வீடு என்று சொல்ல அங்கே ஒரு கல் அத்திவாரமும் தூர்ந்த கிணறும்தான் மிச்சம். கட்டைபறிச்சான் வயல்கள் முடிந்து காடு தொடங்கும் இடம் அது.

முழங்கால் கைவிட்டதும் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் குறிப்பெழுதும் கொப்பியைத் தூக்கியவர் சோமசேகரம். அந்தப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய முதல் பன்னிரண்டு பேரின் வாழ்க்கையையும் புத்தகமாக்காமல் சாகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பதினொரு பேரை எழுதி முடித்துவிட்டார். ஒவ்வொருவர் பக்கத்திலும் கடைசியாகப் பிள்ளைகளின் பெயர்கள், அதன் கீழே இன்றிருக்கும் வாரிசு. வேலாயுதர்தான் மிச்சம்.

"அஞ்சு பிள்ளையள் அண்ணை," என்றார் வழிகாட்ட வந்த தம்பிராசா, அத்திவாரத்துக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றபடி. "ஒரே மாரிக்குள்ள அஞ்சும் காய்ச்சலில போயிட்டுதுகள். மனிசனுக்குக் கொள்ளி வைக்கவும் ஆளில்லை."

தம்பிராசா சொன்ன ஐந்து பெயர்களையும் இலக்கமிட்டு எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் 'காய்ச்சல்' என்று போட்டார் சோமசேகரம். வாரிசுக்கான வரி வெறுமையாகக் கிடந்தது. விதைக்கும் காலத்தில் வரப்போரம் ஒரு சாண் நிலத்தைக்கூடச் சும்மா விடாத மனிதருக்கு அது பொறுக்கவில்லை.

"பாவம் மனிசன். நான் இருக்கிறன்."

ஆறு என்று இலக்கமிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"வெட்டுங்கோ அண்ணை." தம்பிராசாவின் குரல் இறங்கிவிட்டது. "இந்த இடத்தில உப்பிடி எழுதாதேங்கோ."

சோமசேகரம் சிரித்தார்.

காட்டுக்குள் எங்கோ மரத்தில் கோடரி விழும் சத்தம் கேட்டது. பச்சை மரம் எரியும் மணம் வந்தது. புகையை மட்டும் காணவில்லை.

வீடு திரும்பியபோது முற்றத்தில் மனைவி கமலாதேவி தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"உங்களோட வந்தவர் எங்க? தண்ணி கேட்டார். எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள ஆளைக் காணேல்லை."

"தம்பிராசா சந்தியிலயே இறங்கிட்டானே."

"தம்பிராசாவை எனக்குத் தெரியாதே? இது வயசான மனிசன், தோளில கோடரி. பிள்ளை வீட்டிலயோ நிக்கிறா எண்டும் கேட்டவர்."

பிள்ளை என்றால் மகள் தயாளினி. தலைப்பிள்ளையைப் பெறத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம்.

சோமசேகரம் கொப்பியைத் திறந்தார். அவருடைய பெயருக்கு அருகிலும் 'காய்ச்சல்' என்று இருந்தது.

அவருடைய கையெழுத்துத்தான்.

அன்று பின்னேரமே காய்ச்சலில் உடம்பு நடுங்கத் தொடங்கியது. காட்டில் கேட்ட கோடரிச் சத்தம் வீட்டைச் சுற்றியும் விடாமல் கேட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டார். குசினி முழுக்கக் காடு எரிந்த மணம். திரும்பி வந்து கொப்பியைப் பார்த்தால், பக்கம் இருந்தது.

அவர் பெயருக்குக் கீழே புதிதாக ஏழு என்ற இலக்கம். அதற்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.

வாரிசின் பிள்ளையும் வாரிசுதான். அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னோட விட்டிடுங்கோ ஐயா," என்று ஆளில்லாத முற்றத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "பிள்ளை வேண்டாம்."

மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கோடரிச் சத்தம் நின்றது.

கொஞ்சம் நம்பிக்கை வந்தது. உடனே வாடகைக்கு ஒரு வான் பிடித்து, தயாளினியைச் சல்லிக் கிராமத்திலுள்ள புருசன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். காரணம் சொல்லவில்லை. மகள் கோபித்துக்கொண்டுதான் போனாள்.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"வந்து சேந்திட்டன் அப்பா. இஞ்ச ஆரோ காடு எரிக்கினம் போல, ஒரே மணம்."

சல்லியில் எரிக்கக் காடு எங்கே இருக்கிறது? கடலும் மணலும்தான்.

"வாசல் படலையில ஒரு ஐயா தண்ணி கேட்டு நிண்டவர். நான்தான் குடுத்தனான். முழுக்கக் குடிச்சிட்டார். எங்களுக்குச் சொந்தமாம். எழும்பிப் போறாரில்லை, உள்ளுக்கு வந்து கதிரையில இருக்கிறார்."

சோமசேகரம் மற்றக் கையால் கொப்பியை இழுத்தெடுத்தார்.

"அப்பா," என்றாள் தயாளினி, "எனக்குச் சரியாக் குளிருது."