நெஞ்சுவலி வேஷம்

பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட் திறந்தே கிடந்தது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டு, பின்சீட்டில் கிடந்த ஆரஞ்சு மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள் அவள். முதுகில் பெரிய எழுத்தில் 'மதிப்பீட்டாளர்' என்று போட்டிருக்கும். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டுவிட்டால் ஆள் அங்கே இல்லை என்று அர்த்தம். யாரும் அவளோடு பேசக்கூடாது. கண்ணெதிரே ஒருவன் தப்பாகவே செய்தாலும் அவள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இருந்தும் இல்லாமல் இருப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது என்று அவள் கணவர் சொல்வார்.

ஊருக்கு வெளியே அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே விபத்து நடந்தால் ஜனங்களை எப்படி வெளியேற்றுவது, எங்கே கொண்டுபோய் வைப்பது, உடம்பில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருந்தால் எப்படிக் கழுவுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஒத்திகை நடக்கும். 'புலி வருது, புலி வருதுன்னு ஊரைக் கூட்டிக் கத்திப் பாக்கறதுக்கு ஒரு ஆபீஸ், அதைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறதுக்கு என் பொண்டாட்டி' என்பதும் அவர் சொன்னதுதான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மனுஷன். வாய்தான் அப்படி. ஒத்திகைக்கு நோயாளியாக நடிக்க ஆள் கிடைக்காமல் அவள் திண்டாடும்போதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து படுத்துக்கொள்வார்.

நடிக்க வருகிறவர்கள் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். கால் முறிவு, மயக்கம், பிள்ளையைத் தொலைத்த தாய் என்று யாருக்கு என்ன வேஷமோ அது அதில் இருக்கும். அட்டைகளை எழுதுவது அவள் வேலை. வீட்டில் பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவர் ஓயாமல் குறைப்பட்டுக்கொண்டிருந்ததால், போன வருஷம் அவருக்கென்று குறும்பாக ஒன்று எழுதினாள். 'நெஞ்சு வலி. மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.'

அவர் கூப்பிட்டார்.

ஆபீஸில் அவளுக்குக் 'கழுகு' என்று பட்டப்பெயர். அதைத் தெரிந்துகொண்டு அவர் வீட்டில் கழுகம்மா ஆக்கியிருந்தார். 'கழுகம்மா, நெஞ்சு வலிக்குதும்மா, இங்க வாயேன்' என்று கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து அவர் கூப்பிட, நர்ஸுகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கையைத் தட்டினாள். மறுகோடியில் நின்ற அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மதிப்பீட்டாளர் சிரித்தால் ஒத்திகை கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்தபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். குளிப்பாட்டி முடித்து ஈரத்தோடு படுக்கவைத்த பிறகும் அவர் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. கம்பளியை மாற்ற வந்த நர்ஸ் தொட்டபோது அவர் கை ஸ்ட்ரெச்சரை விட்டு வெளியே தொங்கியது.

அதற்குப் பிறகு நடந்த ஓட்டத்தில் ஒத்திகை முடிந்தது என்று அறிவிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"அக்கா." ஒத்திகைத் தலைவர் குடையோடு ஓடி வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், தங்கமான மனுஷர். "நீங்க கட்டுப்பாட்டு அறையைப் பாருங்கன்னு சொல்லியிருந்தேனே. இங்க வேற ஆளைப் போட்டிருக்கேன்."

"அவரை அங்க அனுப்பிடுப்பா. நான் இங்கயே நிக்கிறேன்."

"எதுக்குக்கா இந்த வேதனை."

"போன தடவை நான் பாக்கல. ஒரு தடவை பாத்துட்டேன்னா போயிடுவேன்."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவர் கூப்பிட்டபோது திரும்பாத பக்கம் ஒருமுறை திரும்பி நின்று பார்க்க வேண்டும். வருஷம் பூராவும் அந்தக் குரல் காதில் இருந்தது, அவளுடைய முதுகுதான் அதற்குப் பதிலாக இருந்தது. இதைச் சுமந்துகொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் சோறு தின்ன முடியும்.

கூடத்தின் ஜன்னல்களில் கறுப்பு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருந்தார்கள், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது என்பதற்காக. கரண்டு போய்விட்டதாகக் கணக்கு. அதனால் விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். நண்பகலிலும் உள்ளே இருட்டு கெட்டியாக இருந்தது. அங்கங்கே வைத்திருந்த பேட்டரி விளக்குகள் தங்கள் காலடியை மட்டும் காட்டின. சோப்பும் ரப்பர் கையுறையும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. பின்பக்க வராந்தாவில் தார்ப்பாய் மறைப்புக்குள் குழாய்கள் சீறிக்கொண்டிருந்தன.

ஒலிபெருக்கி கரகரத்தது. "இது ஒத்திகை. இது ஒத்திகை மட்டுமே."

ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். ஓர் ஒல்லிப் பையன், அளவீட்டுக் கருவியைப் பிடித்திருந்த டெக்னீஷியன், ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை தடவுவதுபோலக் கருவியை நகர்த்தினான். டிக். டிக், டிக். டிக். அந்தக் கருவி சும்மா இருக்கும்போதும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கும். காற்றிலும் மண்ணிலும் நம் உடம்பிலும் கொஞ்சம் கதிர்வீச்சு எப்போதும் இருக்கிறது. உலகத்தில் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது முழுசாக வாய்மூடாது.

அவள் மெதுவாகக் கடைசி வரிசைக்கு நடந்தாள்.

அங்கே ஒரு ஸ்ட்ரெச்சர் தனியாக இருந்தது. மேலே மடித்த கம்பளி. ஆள் இல்லை. இந்த இடம்தான். அவள் நின்று பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், அதுகூட வரவில்லை. ஒரு வருஷமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்த இடம், பார்த்தால் இரும்புக் குழாயும் கேன்வாஸ் துணியும்தான்.

திரும்பப் போனவள் நின்றாள். டெக்னீஷியன் பையன் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சரைத் தாண்டும்போது அவன் கையிலிருந்த கருவி நின்றுவிட்டது.

அவன் அதைத் தட்டிப் பார்த்தான். பேட்டரியைக் கழற்றி மாற்றினான். நாலு எட்டு பின்னால் போனான். டிக், டிக். முன்னால் வந்தான்.

ஒன்றுமே இல்லை.

பையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கேட்க வாயெடுத்து, அங்கியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நெற்றியில் வியர்த்திருந்தது. கருவியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வேகமாக வாசல் பக்கம் போய்விட்டான்.

அவள் தனியாக நின்றாள். கூடத்தின் இரைச்சல் வேறெங்கோ கேட்பது போலிருந்தது. மடித்து வைத்திருந்த கம்பளி இப்போது மடிப்பில் இல்லை. நீளமாக விரிந்து கிடந்தது.

அடியில் யாரோ படுத்திருக்கும் அளவுக்கு மேடாக.

ஸ்ட்ரெச்சரின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"கழுகம்மா."

அவள் பயந்தாள். பயப்படவில்லை என்று சொன்னால் பொய். வாசலைப் பார்த்து ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனாலும் அவள் திரும்பி நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்றது குரல். களைத்துப்போய், கீழ்ப்படிதலோடு. "யாரும் சொல்லலையே. சொல்றவரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லியிருக்கே. குளுருதும்மா."

ஒத்திகைக்காரர்களுக்கு அவள் ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான் அது. முடிந்தது என்று அறிவிக்கும்வரை வேஷத்தை விட்டு வெளியே வராதீர்கள். அதை இப்படி வேதவாக்காக எடுத்துக்கொள்ள இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

செத்தவர்கள் இப்படி நின்றுவிட்டால் 'நிம்மதியா போங்க' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது. அவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"முடிஞ்சுதுங்க," என்றாள் மெதுவாக. "எழுந்து வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

கம்பளி தணிந்து, துணியோடு துணியாகப் படிந்தது. தூரத்தில் பையனின் கருவி டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டது. அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மழைத் தண்ணீர் தேங்கிய மைதானத்தைக் கடந்து காருக்கு வந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்ற பயம்தான்.

சாவியைத் திருப்பியதும் கார் மணியடித்தது. டங், டங், டங். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லையாம். முன்னால் சின்னச் சிவப்பு விளக்கும் எரிந்தது.

பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை.

அவள் குனிந்து, காலி இடத்தின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது. பெல்ட் நனைந்திருந்தது.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். கடையை அவருடைய தம்பிக்கே வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொன்னாள். அவன் போர்டைக்கூட மாற்றவில்லை, ஆனால் கணக்கில் புளுகுகிறான் என்றாள். மாடிக் குழாய் ஒழுகுவதை இன்னும் சரி பண்ணவில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றாள். கடை அடைத்தபின் அவரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் எத்தனையோ சாயங்காலங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. அந்தக் கொஞ்ச தூரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைப்பானேன்.

"வலிக்குதும்மா."

அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

"எழுந்து வந்துட்டேன். ஆனா இன்னும் வலிக்குது."

முடிந்தது என்று சொன்னால் வேஷம் முடியும். வலி வேஷமாக இருந்தால்தானே முடியும். அவர் அந்தக் கம்பளிக்கு அடியில் வருஷம் பூராவும் குளிரில் மட்டும் கிடக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வாய்விட்டு அழுதாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. அவள் திரும்பவில்லை. ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து நின்றிருந்த ஊழியர், அவள் அங்கியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மேடம், இங்கயும் ஒத்திகையா?"

"இல்லப்பா. நிஜம். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. சீக்கிரம் வா."

அவர் சிரிப்பை விட்டுவிட்டு ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார். காலி சீட். அதன் குறுக்கே பெல்ட். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த வாசலில் என்னென்னவோ பார்த்த மனுஷர். பைத்தியத்தோடு வாதாடினால் யார் பைத்தியம் என்று தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாரோ, பாவம் என்று நினைத்தாரோ, பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

"எவ்வளவு நேரமா வலின்னு சொல்றாரு?"

"ரொம்ப நேரமாப்பா. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

"சரிம்மா. நீங்க அந்த பெஞ்சுல உட்காருங்க. நாங்க பாத்துக்கறோம்."

அவர் வெறும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கதவுக்குள் போனார். உள்ளே போய் யாரிடமாவது சொல்வார். கொஞ்ச நேரத்தில் நல்லவிதமாகப் பேசி வீட்டு நம்பரைக் கேட்க ஒருவர் வருவார். அதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அங்கியைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்ட்ரெச்சர் போன வழியில் தரையில் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கதவுவரை போயிருந்தது. மழை நாளில் ஆஸ்பத்திரித் தரை ஈரமாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வெகுநேரம் யாரும் வரவில்லை.

பிறகு கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். அப்போதுதான் டியூட்டிக்கு வந்தவள்போல, தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயவில்லை. பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து அவள் எதிரில் நின்றாள். முகத்தில் அவசரமும் கொஞ்சம் கோபமும் இருந்தன.

"உள்ள கடைசிக் கட்டில்ல இருக்கறவரோட வீட்டம்மா நீங்கதானே? இங்க உட்கார்ந்துட்டீங்களே. அந்த மனுஷன் எவ்வளவு நேரமா உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."

அவள் எழுந்தாள். தரையிலிருந்த ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து உள்ளே போனாள்.