கீழ்வீட்டுக் குடம்

மேல்வீட்டு மோட்டார் நின்றதும் ஆவுடை எழுந்துகொள்வாள். சிப்பிக்கரை நகரத்தின் எல்லாத் தெருக்களிலும் அதுதான் விடியலுக்கு அடையாளம். முதல் வீடு தன் பங்கை எடுத்துக்கொண்டு, வடிகட்டியில் கழிந்ததை இரண்டாம் வீட்டுக்குத் தள்ளும். இரண்டாம் வீடு மூன்றாவதற்கு. கடல்நீர் ஊர்க் கிணறுகளுக்குள் புகுந்த பிறகு, ஒரு சொட்டையும் வீணாக்க வழியில்லாமல் அரசு செய்த ஏற்பாடு. வரிசைக்குழாய் என்று பெயர். ஆவுடையின் வீடு கடைசிக்கு முந்தியது.

உப்புமானியைக் குழாயில் நீட்டினாள். நேற்றைவிட ஒரு கோடு ஏறியிருந்தது. மேல்வீட்டில் போன மாதம் பெரிய மென்னீர் வடிகட்டி பொருத்தியதிலிருந்து இப்படித்தான். அவர்கள் வீட்டுச் சுண்ணாம்பும் உப்பும் இவள் தலையில் வந்து விடிந்தன.

குடிக்க மட்டும் அளந்து குடுவையில் தனியாகத் தண்ணீர் வந்துவிடும், அதில் குறையில்லை. குளிப்பதும் துவைப்பதும்தான் இந்தக் குழாயில். எட்டு வயது மகள் துளிருக்கு முழங்கையிலும் கழுத்திலும் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. குளித்து முடித்தால் உடம்பெல்லாம் எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள் பிள்ளை. மென்னீரில் குளிக்கவைத்தால் ஆறிவிடும், இல்லாவிட்டால் புண் புரையோடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்று வடிகட்டி விற்கும் நிறுவனத்து ஆள் அருமைநாயகம் இரண்டு முழுவீட்டு வடிகட்டிகளோடு வந்தார். ஒன்று இடுப்பளவு, மற்றது ஆள் உயரம்.

“சின்னது துருவையும் மணலையும் நிறுத்தும், சுண்ணாம்புல பாதிய எடுக்கும். பெரியதுன்னா மழைத்தண்ணி கணக்கா வரும், தாயி.”

“பாதி எடுத்தா பிள்ளைக்குச் சரியாவுமா?”

“ஆவாது. பொய் சொல்லப்படாதுல்லா.”

“பெரியது எடுக்கதெல்லாம் எங்க போவும்?” தெரிந்தேதான் கேட்டாள்.

அருமைநாயகம் மதிலைப் பார்த்தார். அந்தப்புறம் ஜெபசீலியின் வீடு. தெருவில் அதுதான் கடைசி, அதற்கப்புறம் உப்பளம்.

“அவளும் ஒண்ணு மாட்டிக்கிடலாம்லா?”

“கடைசி வீட்டு உப்புக்குத் தாங்குத மிஷினு இன்னும் யாரும் செய்யல, தாயி.”

இதற்கும் ஒரு சட்டம் இருந்தது. யாருக்காக வடிகட்டி வாங்குகிறார்களோ அவர் மேல், அது கீழே தள்ளப்போகும் நீரில் ஒரு குடம் ஊற்ற வேண்டும், கீழ்வீட்டார் கண்முன்னே. தாங்கினால் பொருத்தலாம். கீழ்வீட்டார் குடம் ஊற்ற வேண்டாமென்று விட்டுக்கொடுத்தாலும் பொருத்தலாம். உன் உடம்பு தாங்காததை அடுத்தவர் உடம்பில் ஊற்றாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதியது. மேல்வீட்டுக்காரர் ஆவுடையின் முன்னால் கூசாமல் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, துண்டால் துடைத்தபடி போய்விட்டார். ஒரு குடத்தை எவர்தான் தாங்கமாட்டார்? தினமும் குளிக்கிறவர்கள் பாடு வேறு.

ஜெபசீலி தோளில் கைக்குழந்தையோடு வந்தாள். கலியாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அருமைநாயகம் பெரிய கருவியை ஓட்டிக் குடத்தை நிறைத்து வைத்திருந்தார். ஜெபசீலி விரலை நனைத்துப் பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

துளிர் தானாகவே முற்றத்து நடுவில் வந்து நின்று கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஆவுடை குடத்தைத் தூக்கினாள். தளும்பிய நீர் கொஞ்சம் கழுத்துப் புண்ணில் விழ, பிள்ளை சத்தமே இல்லாமல் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இறக்கி வைங்கக்கா,” என்றாள் ஜெபசீலி. “நான் விட்டுத் தந்துட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லு சீலி. உனக்கும் பிள்ள இருக்கு.”

“இவனுக்கு இன்னைக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு இன்னைக்கே இருக்கே. நாளைக்கு உள்ளத கர்த்தர் பாத்துக்கிடுவார்.”

வேண்டாம், சின்னதையே மாட்டுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆவுடை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மழை மாதம் வருவதற்குள் புண்கள் ஆறிவிட்டன. துளிருக்கு இப்போது குளியலறையை விட்டு வெளியே வர மனமில்லை. சோப்பு நுரையை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் குளிக்கக் குளிக்க வடிகட்டி உறுமிக்கொண்டு கழிவை மதிலுக்கு அந்தப்புறம் தள்ளும். சற்று நேரத்தில் அங்கே குழந்தை வீறிடும். ஜெபசீலி தாலாட்டுகிற குரல் கேட்கும். தெருவில் பார்த்தால் அவள் பழையபடியேதான் பேசினாள். குழந்தையை மட்டும் துணியால் கழுத்துவரை மூடி எடுத்து வந்தாள்.

அன்று ஆவுடை செம்பால் மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டும்போதும் அழுகை கேட்டது. துளிர் நுரையோடு அப்படியே நின்றாள்.

“அந்தப் பாப்பாவுக்கு எரியுதாம்மா?”

“இல்லட்டி. பசிக்கும்.”

துளிர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். ஆவுடை அடுத்த செம்பை ஊற்றினாள்.