உயிர் இல்லாததை மட்டும்

குங்குமச் சிமிழின் மூடியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், கூடத்துச் சாமி மாடத்தில், ஒரு சிட்டிகை ஈர மணல் கிடந்தது. அருள்மொழி அதைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

சிதம்பரத்தில் அந்தத் தெருவுக்குக் கடல் வாடைகூட எட்டாது.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றான் கணவன் இளவரசு, தலையைத் திருப்பாமல். மகள் ப்ரீத்தி போனபின் அவன் எதற்கும் தலையைத் திருப்புவதில்லை.

ஓமானில் வேலை பார்த்த வருடங்களில், வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் மூவரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அலை பின்வாங்கிய ஈரத்தில் குனிந்தபடியே நடந்து, சங்கு, சோழி, அலை தேய்த்து மழுக்கிய கண்ணாடித் துண்டு என்று பொறுக்குவார்கள். ஆளுக்கு ஒன்றுதான், பேராசை கூடாது. உயிர் உள்ளதை எடுக்கக் கூடாது. இரண்டும் அருள்மொழி சொல்லிக்கொடுத்தவை. ப்ரீத்தி ஒவ்வொரு சங்கையும் புரட்டி, காதோடு வைத்துக் கேட்பாள். உள்ளே நண்டு அசைந்தால் தண்ணீரோரம் பத்திரமாக விட்டுவிடுவாள். இல்லாவிட்டால், "இதுல உசிரு இல்லம்மா. எடுத்துக்கவா?" என்று கேட்டு, அம்மா சரி என்ற பிறகுதான் பையில் போடுவாள்.

ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் அஸ்தியைக் கரைத்தபோது, அந்தச் சங்குகளையும் கூடவே போட்டாள் அருள்மொழி. தனியாக இருக்கும் பிள்ளை, விளையாடட்டும் என்று.

அடுத்த வெள்ளி, சட்டைப் பொத்தான் ஒன்று காணாமல்போனது. அதற்கடுத்த வெள்ளி, பாட்டில் மூடி. மணல் மட்டும் கூடத்திலிருந்து படுக்கையறைப் பக்கம் இன்னும் சற்று ஏறியிருந்தது.

வாரிக் கொட்டிய மணலைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சந்திரலேகா சிரித்தாள். "என்னா அருளு, வூட்டுக்குள்ளயே பீச்சு வெச்சிருக்கியா? டிக்கெட் எவ்ளோ?"

அருள்மொழியும் சிரித்துவைத்தாள்.

பிறகு ஒரு நாள், மாடிப்படியின் கீழ் பூனைக்குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. பாவம் என்று துணியால் மூடிவிட்டு, புதைக்க மண்வெட்டி எடுத்துவந்தாள். துணி தட்டையாக, நனைந்து கிடந்தது. பக்கத்தில் மல்லாந்து துடித்துக்கொண்டிருந்த வண்டை மட்டும் யாரோ நிமிர்த்திவிட்டிருந்தார்கள்.

"எலி இல்லீங்க" என்றாள் அவனிடம். "பாப்பா பொறுக்குறா. உசிரு இல்லாதத மட்டும்."

இளவரசு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நெசமாவா?" என்றான்.

ஐப்பசி மழை. வெள்ளிக்கிழமை மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் இல்லை. சாப்பிட்டுவிட்டு இருவரும் பாயில் படுத்திருந்தார்கள். அவனுடைய குறட்டைக்கும் ஓடுகளில் விழும் மழைக்கும் நடுவே இன்னொரு சத்தம், அலை ஒன்று ஏறி, தயங்கி, மணலை இழுத்துக்கொண்டு இறங்குவதுபோல, கூடத்திலிருந்து மெல்ல மெல்ல அறைக்குள் வந்தது. பாசி வாடை அடித்தது. பிறகு காலடிகள். நின்று நின்று. குனிந்து குனிந்து.

அருள்மொழி வாயை இறுக மூடிக்கொண்டாள். மூச்சை அடக்கினால் போதும். பாப்பா கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

சின்ன விரல்கள் தோளைப் பற்றிப் புரட்டின. ஜில்லென்று ஒரு காது அவள் உதட்டருகே வந்தது. கழுத்தில் உப்புநீர் சொட்டியது. பொறுத்தாள். இன்னும் கொஞ்சம். இன்னும்.

நெஞ்சு தாங்கவில்லை. மூச்சு வந்துவிட்டது.

அந்தக் கை அவளை மெதுவாகத் திரும்பக் கிடத்தியது. நண்டைத் தண்ணீரோரம் விடுவதுபோல, பத்திரமாக. ஈரக் கால்கள் பாயைச் சுற்றி மறுபக்கம் போயின.

அப்போதுதான் கவனித்தாள். குறட்டைச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"என்னங்க."

பதில் இல்லை. புரட்டும் ஓசை. பிறகு நிசப்தம்.

"இதுல உசிரு இல்லம்மா" என்றது இருட்டு. "எடுத்துக்கவா?"

அம்மாவின் பதிலுக்காக அது காத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கையை விடாமல்.