கோணமட்டத்துக் குழிக்கற்கள்

"ஒரு தப்புக்கு ஒரு விரல். புரியுதா?" என்றான் சடையாண்டி.

புரியாமல் என்ன? புதையல் இருக்கும் இடம் தெரியாது என்றதற்கே முதல் விரல் போயிருந்தது. வேலப்பனின் இடது கையைப் பாறைமேல் அழுத்திச் சம்மட்டியால் அடித்தபோது அவன் போட்ட அலறல் கோணமட்டத்துப் புல்வெளி முழுக்கக் கேட்டது. கேட்டு என்ன பயன்? கொடைக்கானலுக்கு மேலே, ஜீப் தடம் முடிந்து நான்கு மணி நேரம் நடந்தால் வரும் இடம் அது. காற்றையும் மூடுபனியையும் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது.

தவமணிக்குத் தம்பி வேலப்பன்மேல் ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை யூடியூபில் கத்தியது! "கோணமட்டத்தின் நாற்பது குழிக்கற்கள் ஒரு புதையல் வரைபடம்!" என்று அவன் போட்ட வீடியோவைச் சடையாண்டியும் பார்த்துத் தொலைத்தான். காட்டுமாடுகளைச் சுட்டு, கறியை உப்புக்கண்டம் போட்டு விற்கிறவன் அவன். கற்களை அளக்க வந்த அக்காவையும் தம்பியையும், தம்பியின் நண்பன் ஜெரோமையும் காலையிலேயே வளைத்துக்கொண்டான். கூட்டாளி மொக்கையன் கையில் துப்பாக்கி இருந்தது.

தவமணி வாய்க்கு வந்த இடத்தைக் காட்டினாள். ஜெரோம் கடப்பாரையால் ஆளுயரம் தோண்டினான். மண்புழுதான் வந்தது.

சம்மட்டி மறுபடி இறங்கியது. இரண்டாவது விரல்!

"அக்கா!" என்று வேலப்பன் துடித்தான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு புள்ள!" சடையாண்டி அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கல்லில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் குழிக்குள் வழிந்தது.

அவ்வளவு நெருக்கத்தில்தான் அவள் அதைப் பார்த்தாள். குழியின் உள்விளிம்பு கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தது. பக்கத்தில் கொம்புள்ள மாடுகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன, அத்தனையும் குழியைப் பார்த்து. வீட்டில் மாட்டுக்கு உப்பு வைக்கிற கல்லும் இப்படித்தான் தேய்ந்திருக்கும். நாக்கு! எத்தனையோ தலைமுறை மாடுகள் நக்கி நக்கித் தேய்த்த வழவழப்பு! அந்தக் காலத்து மேய்ப்பர்கள் மந்தைக்கு உப்புத் தண்ணீர் காட்டிய தொட்டிகள் இவை. வரைபடமும் இல்லை, வெங்காயமும் இல்லை!

உண்மையைச் சொன்னால் மூன்று பேரையும் கொன்று போட்டுவிட்டுப் போவான். என்ன செய்வது? காற்று கற்களிலிருந்து சோலைக்காட்டுப் பக்கம் அடித்தது. அங்கே ஆவி பறக்கும் காட்டுமாட்டுச் சாணத்தை வரும்போதே பார்த்திருந்தாள்.

"உங்ககிட்ட உப்பு மூட்டை இருக்குல்ல? எல்லாக் குழியிலயும் கொட்டித் தண்ணி ஊத்துங்க. எந்தக் குழியில தண்ணி வத்துதோ, அதுக்குக் கீழதான் நிலவறை."

மொக்கையன் தயங்கினான். "அண்ணே, உப்பு வாடைக்குக் காட்டுமாடு வந்துரப் போவுது."

"வந்தா கறியாச்சுடா. ஊத்து!"

ஊற்றினார்கள். அரைமணி நேரம் போனது. எந்தக் குழியிலும் தண்ணீர் இறங்கவில்லை. சடையாண்டி மூன்றாவது விரலைத் தேடிச் சம்மட்டியை எடுத்தான். அப்போது பனிக்குள் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து... பதினொரு காட்டுமாடுகள்!

பேராசைக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? "சுடுடா!" என்றான் சடையாண்டி.

துப்பாக்கி வெடித்தது. தோளில் குண்டு வாங்கிய பெரிய காளை முக்காரமிட்டது. மந்தை மொத்தமும் பாய்ந்தது! ஜெரோம் கடப்பாரையை வீசினான். மொக்கையனின் கை படீரென்று முறிந்தது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவன் சரிவில் உருண்டோடினான்.

"பள்ளத்துக்குள்ள குதி!" தவமணி தம்பியை இழுத்துக்கொண்டு, தோண்டிய பள்ளத்தில் விழுந்தாள். ஜெரோமும் மேலே வந்து விழுந்தான். தலைக்கு மேல் குளம்புகள் இடித்தன. மண் சரிந்தது. சடையாண்டியின் அலறல் ஒருமுறை எழுந்தது, மறுமுறை எழுந்தது.

சத்தம் ஓய்ந்து அவர்கள் ஏறி வந்தபோது அவன் கல்மேல் மல்லாந்து கிடந்தான். வயிறு கிழிந்திருந்தது, உயிர் இருந்தது.

"கெடக்கட்டும், வாங்கக்கா," என்றான் ஜெரோம்.

"மனுசன்டா," என்றாள் தவமணி. காலி உப்புச் சாக்குகளை இணைத்துத் தூளி கட்டினார்கள். அவளும் ஜெரோமும் சுமந்தார்கள். வழியெல்லாம் சடையாண்டி ஒன்றையே கேட்டான்.

"தங்கம் எங்க புள்ள?"

"தங்கமெல்லாம் இல்ல. மாட்டுக்கு உப்பு வச்ச தொட்டி அது."

"பொய்."

மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் பொய் என்றான். ஜீப் தடம் தெரிந்தபோது அவன் கண்கள் செருகத் தொடங்கின. உதடு மட்டும் "எங்க?" என்று அசைந்தது.

வேலப்பன் துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்தபடி அவன் காதருகே குனிந்தான். "பெரிய கல்லுக்கு அடியிலண்ணே. பானை பானையா இருக்கு."

சடையாண்டி தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

பொழுது சாய்ந்தும் திரும்பாதவர்களைத் தேடி ஊர் ஆட்கள் தடத்தில் வந்துகொண்டிருந்தார்கள். மூவரையும் உயிரோடு கண்டதும் கூச்சலிட்டு ஓடி வந்தார்கள். தவமணிக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. "ரெண்டு வெரலை ஒடிச்சவன்டா அவன்! அவனுக்குப் போயி அப்படிச் சொல்ற?"

"அந்தப் பொய்யக் கெளப்பிவிட்டதே நாந்தானேக்கா," என்றான் வேலப்பன். "நம்பி வந்த ஆளை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

தவமணி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.